மிளகாய் கொழுப்பை எரிக்குமா?

"சார், மிளகாய் சாப்பிட்டால் உடம்பு இளைக்குமா?"

சென்ற ஆண்டு ஒரு பள்ளியின் அறிவியல் மன்றக் கூட்டத்தில் பேசி முடித்தபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து கேட்ட கேள்வி இது. நான் பேசியதோ சூரிய கிரகணத்தைப் பற்றி! உடனிருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு தனியே அழைத்து விசாரித்தேன். கைபேசியில் ஒரு விளம்பரம் பார்த்திருக்கிறாள். மிளகாய்ச் சத்து மாத்திரை ஒரே மாதத்தில் கொழுப்பைக் கரைத்துவிடும் என்று அதில் சொல்லியிருந்ததாம். மாத்திரை வாங்கப் பணம் ஏது? ஆகவே மூன்று வாரமாகக் காலை இட்லியை நிறுத்திவிட்டு, வெந்நீரில் மிளகாய்த் தூளைக் கலந்து குடித்து வந்திருக்கிறாள். இளைத்தாளோ இல்லையோ, வயிற்றெரிச்சல் வந்து சேர்ந்துவிட்டது.

"ஏனம்மா இப்படிச் செய்தாய்?" என்றேன்.

"குடிச்சதும் வேர்த்துக் கொட்டுது சார். கொழுப்பு எரியறதாலதானே வேர்க்குது?"

அன்று எனக்குத் தெரிந்த அரைகுறைப் பதிலைச் சொல்லி, வீட்டில் அம்மாவிடம் சொல்லச் சொல்லி அனுப்பினேன். விளம்பரம் முழுப் பொய் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பிறகு தேடிப் படித்தபோது, அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது என்று தெரிந்தது. அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. எத்தனை பெரிய துளி? அதைத்தான் இப்போது அளந்து பார்க்கப் போகிறோம்.

காரம் இருக்கும் இடம்

மிளகாய் நம் நாட்டுச் செடி அன்று. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492இல் கொலம்பஸ் அங்கே போய்ச் சேர்ந்த பிறகே மற்ற நாடுகளுக்கு மிளகாயைத் தெரியும். போர்ச்சுகீசியர்கள் 16ஆம் நூற்றாண்டில் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் நம் முன்னோர்களின் சமையலில் காரம் தந்தவை மிளகு, இஞ்சி, திப்பிலி முதலியன. மிளகைப் போல உறைக்கும் காய் என்பதால் வந்தவனுக்கு மிளகாய் என்று பெயர் வைத்தார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வேதியியல் பாடத்தில் 'அமிலம், காரம்' என்று படிக்கிறீர்களே, அந்தக் காரம் வேறு. இந்தக் காரம் வேறு. சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்கும் காரத்துக்கும் மிளகாயின் உறைப்புக்கும் உறவில்லை. ஒரே சொல் இரண்டு இடத்தில் வேலை பார்க்கிறது, அவ்வளவுதான். இந்தக் கட்டுரையில் இன்னொரு சொல்லும் இப்படி நம்மை ஏமாற்றப் போகிறது. கவனித்து வாருங்கள்.

மிளகாயின் உறைப்புக்குக் காரணமான பொருளை 1816இல் புக்கோல்ஸ் என்ற ஜெர்மானியர் முதன்முதலாகத் தூய்மையற்ற வடிவில் பிரித்தார். 1876இல் இங்கிலாந்தின் த்ரெஷ் என்பவர் அதை ஏறத்தாழத் தூய நிலையில் பிரித்து, 'காப்சைசின்' என்று பெயரிட்டார். மிளகாய்ச் செடியின் தாவரவியல் பெயர் காப்சிகம் அல்லவா? அதிலிருந்து வந்த பெயர். 1930இல் இதைச் சோதனைச் சாலையிலேயே செயற்கையாகத் தயாரித்துவிட்டார்கள். அதன் ஒரு மூலக்கூறில் 18 கார்பன், 27 ஹைட்ரஜன், 3 ஆக்சிஜன், 1 நைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன. தூய காப்சைசினுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மிளகாயின் சிவப்பு வேறு பொருள்களால் வருவது.

விதையில்தான் காரம் இருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. மிளகாயைக் கீறிப் பார்த்தால், நடுவில் விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிறிய சதைப் பகுதி தெரியும். காப்சைசின் உண்டாவது அங்கேதான். பக்கத்தில் இருப்பதால் விதைமேலும் கொஞ்சம் பூசிக்கொள்கிறது.

ஒரு சிறு சோதனை செய்யலாம். மிளகாய்த் துணுக்கு ஒன்றை நுனிநாக்கில் வைத்து எடுங்கள். (கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள்!) உறைக்கும்போது தண்ணீர் குடித்துப் பாருங்கள், அடங்காது. மறுநாள் இதையே மோரோ பாலோ குடித்துச் செய்யுங்கள், விரைவில் அடங்கும். காப்சைசின் நீரில் கரைவதில்லை, கொழுப்பில் கரைகிறது. பாலிலுள்ள கேசின் என்ற புரதமும் அதைப் பற்றி இழுத்துப் போகிறது. காரமான குழம்புச் சோற்றுக்குப் பின் மோர்ச்சோறு வருவதன் அருமை இப்போது தெரிகிறதா?

நாக்கில் தீ இல்லை

மிளகாயைக் கடித்தால் 'நாக்கு எரிகிறது' என்கிறோம். உண்மையில் அங்கே எதுவும் எரிவதில்லை. வெப்பமானியை வைத்துப் பார்த்தாலும் நாக்கு வெந்துபோகும் சூடு இருக்காது. பின்னே ஏன் எரிகிறது?

1997இல் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜூலியஸ் என்பவரின் குழு இதற்கு விடை கண்டது. நம் நாக்கிலும் தோலிலும் குடலிலும் உள்ள நரம்பு நுனிகளில் ஒருவகைப் புரதக் கதவுகள் இருக்கின்றன. 'டி.ஆர்.பி.வி.1' என்பது இன்று அவற்றின் பெயர். சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் இந்தக் கதவு திறக்கும். கால்சியம், சோடியம் அயனிகள் உள்ளே பாயும். 'சுடுகிறது, ஓடு!' என்ற செய்தி மூளைக்குப் போகும். கொதிக்கும் பாலில் விரல் பட்டால் சட்டென்று கையை இழுக்கிறோமே, அது இதுபோன்ற காவலர்களின் உதவியால்தான். காப்சைசின் என்ன செய்கிறது? சூடே இல்லாதபோது இந்தக் கதவில் போய் ஒட்டிக்கொண்டு, கள்ளச் சாவி போலத் திறந்துவிடுகிறது. மூளைக்குப் போவது பொய்ச் செய்தி. ஜூலியஸுக்கு 2021இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. தொடு உணர்ச்சியை ஆராய்ந்த ஆர்டம் படாபூட்டியன் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கிளி மிளகாய்ப் பழத்தைக் கொறித்துத் தின்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கண்ணில் நீர் வருவதில்லை. பறவைகளின் உடலிலும் இதே கதவு உண்டு; ஆனால் அதன் அமைப்பு சற்று மாறுபட்டிருப்பதால் காப்சைசின் சாவி அதில் பொருந்தாது. செடிக்கு இதில் இலாபம் இருக்கிறது. எலி போன்ற பிராணிகள் விதையை மென்று அழித்துவிடும். பறவையோ முழுதாக விழுங்கி, பறந்து போய் வேறிடத்தில் எச்சத்தோடு போடும். பறவைக்கு விருந்து, எலிக்குத் தடை! மனிதன் மட்டும் தடையை மதிக்காமல் ஊறுகாய் போட்டுவிட்டான்.

இப்போது அந்த மாணவியின் வியர்வைக்கு வருவோம். 'உடம்பு சுடுகிறது' என்ற பொய்ச் செய்தியை மூளை நம்புகிறது. உடனே குளிர்விக்கும் வேலை தொடங்குகிறது. முகம் சிவக்கிறது, மூக்கு ஒழுகுகிறது, வியர்வை வழிகிறது. வியர்வை என்பது நீரும் உப்பும். அதில் கொழுப்பு உருகி வருவதில்லை. ஒரு குவளைத் தண்ணீர் குடித்தால் போன எடை திரும்பிவிடும்.

'நாக்கு எரிகிறது', 'கொழுப்பு எரிகிறது': இரண்டிலும் வருவது ஒரே 'எரிகிறது'. நான் சொன்ன ஏமாற்றுச் சொல் இதுதான். முன்னது நரம்பின் ஏமாற்றம். பின்னது செல்லுக்குள் கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாறுவது. நம் உடலில் கரையும் கொழுப்பில் பெரும் பகுதி மூச்சுக் காற்றின் வழியாகத்தான் வெளியே போகிறது.

இதோடு கட்டுரையை முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எலிகள் விடவில்லை.

எலிகளும் பழுப்புக் கொழுப்பும்

1986இல் ஜப்பானின் கியோத்தோவில் கவாடா, இவாய் முதலிய விஞ்ஞானிகள் எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த உணவைக் கொடுத்தார்கள். உணவில் 30 சதவீதம் பன்றிக் கொழுப்பு. ஒரு பகுதி எலிகளுக்கு மட்டும் அதே உணவில் 0.014 சதவீதம் காப்சைசின் கலந்தார்கள். சில நாள்களில், காப்சைசின் தின்ற எலிகளுக்குச் சிறுநீரகத்தைச் சுற்றிப் படியும் கொழுப்பு குறைவாக இருந்தது. காரணத்தைத் தேடினால், காப்சைசின் அட்ரினல் சுரப்பியைத் தூண்டி அட்ரினலினைச் சுரக்க வைப்பது தெரிந்தது. நாய் துரத்தினால் நம் உடலில் பெருகும் அதே அட்ரினலின்தான். அது சேமிப்பிலுள்ள கொழுப்பை அவசரச் செலவுக்கு எடுத்துவிடுகிறது.

அதே 1986இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு டசன் பேருக்கு மிளகாயும் கடுகும் தலா 3 கிராம் சேர்த்த உணவைக் கொடுத்து அளந்தார்கள். உணவுக்குப் பின் உடலின் ஆற்றல் செலவு சராசரியாக 25 சதவீதம் கூடியது என்று முடிவு வந்தது. ஆகா, கால் பங்கு! ஆனால் பேர் எத்தனை? பன்னிரண்டே. எத்தனை நேரம்? மூன்று மணி. கடுகின் பங்கு எவ்வளவு, மிளகாயின் பங்கு எவ்வளவு? பிரித்துச் சொல்ல முடியாது. விளம்பரம் எழுதுகிறவர்கள் 25ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார்கள்.

அடுத்த வியப்பு 2009இல் வந்தது. நம் உடலில் கொழுப்பு இருவகை. தொப்பையிலும் தொடையிலும் இருப்பது வெண்கொழுப்பு. அது ஆற்றலைச் சேர்த்து வைக்கும் களஞ்சியம். மற்றது பழுப்புக் கொழுப்பு, அது அடுப்பு. அதன் செல்களில் மைட்டோகாண்ட்ரியாக்கள் நிறைந்திருக்கின்றன. அவற்றிலுள்ள இரும்புதான் அந்தப் பழுப்பு நிறத்துக்குக் காரணம். பிற செல்களில் மைட்டோகாண்ட்ரியா உணவை எரித்து, அந்த ஆற்றலை ஏ.டி.பி. என்ற நாணயமாக மாற்றித் தரும். பழுப்புக் கொழுப்பில் 'தெர்மோஜெனின்' என்ற புரதம் குறுக்கே நின்று, ஆற்றலை நாணயமாக்காமல் நேராக வெப்பமாக்கிவிடுகிறது. பிறந்த குழந்தைகளுக்கு இது நிறைய உண்டு. குளிரில் நடுங்கத் தெரியாத அவர்களுக்கு இதுவே கம்பளி. வளர்ந்தால் இது மறைந்துவிடும் என்று வெகுகாலம் நம்பினார்கள். ஆனால் 2009இல் ஒரே மருத்துவ இதழில் மூன்று குழுக்கள், பெரியவர்களிலும் பலருக்குக் கழுத்தடியிலும் காறை எலும்பு அருகிலும் பழுப்புக் கொழுப்பு வேலை செய்வதைப் 'பெட்' ஸ்கேன் படங்களோடு காட்டின.

காரமில்லாத மிளகாய்

மிளகாய்க்கும் இந்த அடுப்புக்கும் தொடர்பு உண்டா? சோதிக்கலாம் என்றால் ஓர் இடைஞ்சல். சோதனை நியாயமாக இருக்க வேண்டுமானால், எது மருந்து எது வெற்று மாத்திரை என்று சாப்பிடுகிறவருக்குத் தெரியக் கூடாது. மிளகாயைத் தின்றுவிட்டு எவராவது தெரியாமல் இருப்பாரா?

இதற்கு உதவியது ஒரு விசித்திர மிளகாய். கியோத்தோப் பல்கலைக்கழகத்தின் யசாவா என்ற தோட்டக்கலை விஞ்ஞானி, தாய்லாந்தின் காரமான மிளகாய் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்து வளர்த்து, உறைக்காத ஒரு வகையை உண்டாக்கினார். 'சி.எச்.19 ஸ்வீட்' என்று அதற்குப் பெயர். அதில் காப்சைசினுக்குப் பதிலாக 'காப்சியேட்' என்ற பொருள் இருக்கிறது. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போல. காப்சைசினில் நைட்ரஜன் இருக்கும் இணைப்பில், இதில் ஆக்சிஜன் இருக்கிறது. அந்த ஒரு மாற்றத்தால் உறைப்பு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. நாக்கின் நரம்பு நுனிகளை எட்டாமல் நழுவிப் போய், குடலிலுள்ள கதவுகளைத் திறக்கிறது.

ஜப்பானின் ஹொக்கைடோவில் 18 இளைஞர்களிடம் இதைச் சோதித்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்கேனில் பழுப்புக் கொழுப்பு வேலை செய்வதாகத் தெரிந்தவர்களுக்கு, காப்சியேட் வகைப் பொருள் 9 மில்லிகிராம் சாப்பிட்டதும் ஆற்றல் செலவு மணிக்குச் சுமார் 15 கிலோஜூல் கூடியது. பழுப்புக் கொழுப்பு தென்படாதவர்களுக்குக் கூடியது 2 கிலோஜூல்கூட இல்லை. ஆகவே தொடர்பு உண்டு! குடலின் நரம்பு மூளைக்குச் சொல்ல, மூளை பரிவு நரம்புகளின் வழியே பழுப்புக் கொழுப்பின் அடுப்பை மூட்டுகிறது என்று விளக்குகிறார்கள்.

இதுதான் நான் சொன்ன உண்மைத் துளி. இனி அளவுகோலை எடுப்போம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

15 கிலோஜூல் என்றால் ஏறத்தாழ மூன்றரைக் கலோரி. (உணவைப் பற்றிப் பேசும்போது கலோரி என்பது உண்மையில் கிலோ கலோரிதான்.) சும்மா உட்கார்ந்திருந்தாலே ஓர் இளைஞரின் உடல் மணிக்கு 60, 70 கலோரி செலவழிக்கும். அதோடு மூன்றரை.

மிளகாயையே கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 25 பேருக்கு ஒரு கிராம் மிளகாய்த் தூளை உணவில் சேர்த்துக் கொடுத்து அளந்தார்கள். 2011இல் வெளிவந்த ஆய்வு இது. நான்கரை மணி நேரத்தில் கூடுதலாகச் செலவானது சுமார் 10 கலோரி. காரம் தின்று பழகாதவர்களுக்கு மட்டும் பசியும் சற்றுக் குறைந்தது. பழகியவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. வத்தக்குழம்பில் வளர்ந்த நாக்குகள் எந்தக் கூட்டத்தில் சேரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி ஆற்றல் இருக்கிறது. நாளுக்கு 10 கலோரி வீதம் அதை எரிக்க எத்தனை நாள்? 770 நாள். இரண்டு ஆண்டுக்கு மேல்! அதுவும் இடையில் ஒரு நாள்கூட ஒரு வாய் அதிகம் சாப்பிடாமல் இருந்தால்.

இன்னொரு கணக்கு. இட்லிக்கு மிளகாய்ப் பொடி தொட்டுக்கொள்கிறோம். அதைக் குழைக்க ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விடுகிறோம். எண்ணெய் 5 கிராம். கிராமுக்கு 9 கலோரி. ஆக 45 கலோரி. பொடியிலுள்ள மிளகாய் செலவழிப்பது 10. மீதி யார் கணக்கில் வரவு?

நீண்ட நாள் கொடுத்துப் பார்த்தால்? நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டில், எடை குறைத்து முடித்தவர்களுக்கு மூன்று மாதம் நாளொன்றுக்கு 135 மில்லிகிராம் காப்சைசின் கொடுத்தார்கள். எரிபொருளாகக் கொழுப்பு சற்று அதிகமாகச் செலவானது உண்மை. ஆனால் குறைந்த எடை திரும்பி ஏறுவதை அது தடுக்கவில்லை. 2003இல் வந்த முடிவு இது. காரமான ஒரு கிராம் தூளில் 2 மில்லிகிராம் காப்சைசின் என்று வைத்துக்கொண்டால், 135 மில்லிகிராமுக்கு எவ்வளவு தூள் வேண்டும்? நீங்களே வகுத்துப் பாருங்கள். அவ்வளவையும் ஒரே நாளில் தின்ன முடியுமா? 2009இல் அமெரிக்காவில் 80 பேருக்கு 12 வாரம் காப்சியேட் வகைப் பொருள் கொடுத்தபோது வயிற்றுக் கொழுப்பு சற்றே கூடுதலாகக் குறைந்தது. எடையில் குறைந்தது 0.9 கிலோ. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு? 0.5 கிலோ. இந்த வேறுபாடு தற்செயலாகக்கூட வந்திருக்கலாம் என்பது புள்ளியியல் கணக்கு.

மாத்திரையாக அடைத்துவிட்டால் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. அளவு மீறினால் 'போதும்' என்று தடுப்பது நாக்கு. மாத்திரை அந்தக் காவலனைத் தாண்டிப் போய்விடுகிறது. 2012இல் துருக்கி மருத்துவர்கள் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்தார்கள். அதுவரை இதயநோய் இல்லாத 25 வயது இளைஞர் ஒருவர், இளைப்பதற்காக மிளகாய் மாத்திரை சாப்பிட்டு வந்தார். அவருக்கு நெஞ்சு வலி கண்டு மாரடைப்பு ஏற்பட்டது. காப்சைசின் தூண்டுதலால் இதயத் தமனி இறுகியிருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதினார்கள். ஒருவருக்கு நேர்ந்ததை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் 10 கலோரிக்காக இந்தப் பரீட்சை எதற்கு?

அந்த மாணவிக்கு இந்தக் கணக்குகளை எல்லாம் ஒரு கடிதமாக எழுதி, அவளுடைய ஆசிரியை மூலம் அனுப்பினேன். 14 வயதுப் பெண்ணின் உடலுக்கு நாளொன்றுக்கு 2,000 கலோரிக்கு மேல் தேவை. எலும்பு நீள்வதும் இரத்தம் ஊறுவதும் அதிலிருந்துதான். நீ நிறுத்தியது இட்லியை அல்ல, அந்த வேலையை என்றும் எழுதியிருந்தேன். எடையைப் பற்றிக் கவலை இருந்தால், வயதுக்கும் உயரத்துக்கும் எடை சரியா என்று முதலில் மருத்துவரிடம் பார்க்கச் சொன்னேன்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. மருத்துவரிடம் போனாளாம், எடை சரியாகத்தான் இருக்கிறதாம். காலையில் இட்லி சாப்பிடுகிறாளாம். மோர்ச் சோதனையைத் தம்பியை வைத்துச் செய்தாளாம் (பாவம் தம்பி!). கடைசியில் ஒரு கேள்வி: "எனக்குப் பழுப்புக் கொழுப்பு இருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்காமல் எப்படித் தெரிந்துகொள்வது?"

நல்ல கேள்வி. 'பெட்' ஸ்கேனுக்குக் கதிரியக்கச் சர்க்கரையை உடலில் ஏற்ற வேண்டும். வெறும் ஆவலுக்காக எவரும் அதைச் செய்ய மாட்டார்கள். அதனால் சில விஞ்ஞானிகள் வேறு வழி பார்க்கிறார்கள். கையைக் குளிர்ந்த நீரில் வைக்கச் சொல்லி, காறை எலும்புக்கு மேலே தோலின் வெப்பத்தை அகச்சிவப்புக் கேமராவால் படம் பிடிக்கிறார்கள். குளிர் பட்டதும் அந்த இடம் மட்டும் சூடாகத் தெரிந்தால், உள்ளே அடுப்பு மூண்டிருக்கிறது என்று ஊகிக்கிறார்கள்.